எழுதி முடியும் வரை

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டுக்கு மூன்று விதிகள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். முடிந்தவரை நேரம் குறிக்க வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது; தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தொடர வேண்டும். அறிவியல் டீச்சர் செய்முறை நோட்டுக்குச் சொன்ன விதிகள்தான் இவை. நாட்குறிப்புக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளி விட்டதும் ஏழு நிமிடம் நடந்தால் அம்மாவின் ஆபீஸ். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் மாலை ஆறரை வரை நான் அங்கேயே உட்கார்ந்து படிப்பேன். ஆபீஸில் ஏழு பேர். முதலாளி குழந்தைவேல் சார். அம்மா சீனியர் இன்ஜினியர். அம்மாவுக்கு அடுத்த மேஜையில் சுபிக்ஷா அக்கா. உடுமலைக்காரி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

இவர்கள் பவர் பிரஸ்ஸுக்குக் கன்ட்ரோல் பாக்ஸ் செய்கிறார்கள். பவர் பிரஸ் என்பது தகட்டை வெட்டும் மெஷின். பெடலை மிதித்தால் ராம் என்கிற கனமான இரும்பு இறங்கி, வெட்டிவிட்டு ஏறும். பெடலில் காலை வைத்திருக்கும் வரை நொடிக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டே இருக்கும். காலை எடுத்தால் மேலே போய் நிற்கும். முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஒரு திரை உண்டு; லைட் கர்ட்டன் என்பார்கள். கை குறுக்கே வந்தால் ராம் இறங்கக் கூடாது. இதையெல்லாம் கவனிப்பது பாக்ஸுக்குள் இருக்கும் சிப். அந்தச் சிப்பில் எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசை பிரிக்கும் கெர்னலை அம்மாதான் எழுதினாள்.

இன்டரப்ட் என்றால் என்ன என்று இன்று கேட்டேன். அம்மா சொன்னது: நீ படித்துக்கொண்டிருக்கிறாய், காலிங் பெல் அடிக்கிறது. புத்தகத்தில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாய். வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கிறாய். பெல்தான் இன்டரப்ட். எழுந்து போய்த் திறக்கிறாயே, அது ஹேண்ட்லர். பெடலுக்கு ஒரு பெல், ஒளித்திரைக்கு ஒரு பெல். "சரியான பதிலே லேட்டா வந்தா அது தப்பான பதில். ரியல் டைம்னா அவ்வளவுதான்" என்றாள்.

சிங்காநல்லூர் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு புகார். கரன்ட் போனால் எத்தனை பீஸ் வெட்டியது என்ற எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடுகிறதாம். அதனால் நூறு பீஸுக்கு ஒருமுறை எண்ணிக்கையை அழியாத நினைவகத்தில் எழுதிவைக்க முடிவு செய்தார்கள். எழுதும்போது நடுவில் இன்டரப்ட் வந்தால் பாதியில் நின்றுவிடாதா என்று சுபிக்ஷா அக்கா கேட்டாள்.

"எழுதறதுக்கு முன்னாடி எல்லா இன்டரப்டையும் சாத்திரு. எழுதி முடிச்சுட்டுத் திற" என்றாள் அம்மா.

"பெடல், லைட் கர்ட்டன் எல்லாமேவாக்கா?"

"ரெண்டே ரெண்டு மில்லி செகண்டு. அதுக்குள்ள யாரு போய்க் கைய விடப்போறா? நாளைக்குக் காலைல அனுப்போணும். போடு புள்ள."

அப்போது மணி 5.20. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று மில்லி செகண்ட். சுபிக்ஷா அக்கா எனக்கு இரண்டு கமர்கட் கொடுத்தாள்.

மார்ச் 4

நூலகத்தில் கடற்பறவைகள் பற்றிய புத்தகம் கிடைத்தது. 212 பக்கம்.

மார்ச் 19, புதன்

இரவு 8.10. தோசை சாப்பிட்டுக்கொண்டே அம்மா எனக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தாள். போன் வந்தது. பிரஸ் ஷாப்பில் மெஷின்களைப் பராமரிக்கும் அண்ணன். நான்காம் நம்பர் மெஷினில் வேலை செய்யும் பெண் புகார் சொல்கிறாராம். காலை எடுத்த பிறகும் ராம் ஒருமுறை கூடுதலாக இறங்குகிறது. எப்போதும் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவை.

பெடல் ஸ்பிரிங்கில் தூசி இருக்கும், துடைக்கச் சொல்லுங்கள் என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டு, "இவங்க காலைச் சரியா எடுத்திருக்க மாட்டாங்க. கேட்டா எடுத்தேன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். நாம் ஒருமுறை பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "நீ உன் கோணத்தைப் பாரு" என்றாள். 8.14.

முக்கோணத்தின் வெளிக்கோணம் எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூட்டுத்தொகை. இப்போது புரிந்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

ஆபீஸ் போனபோது 4.35. நான்காம் நம்பர் மெஷினில் விபத்து. அதில் வேலை செய்யும் பெண்ணின் பெயர் மயிலாத்தாள். வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போய்விட்டன.

குழந்தைவேல் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். லைட் கர்ட்டனை ஏதாவது அட்டை வைத்து மறைத்திருப்பாள், வேகமாக வெட்டுவதற்கு எல்லாரும் செய்வதுதான் என்றார். நம் பாக்ஸில் ஒன்றும் இருக்காதே என்று அம்மாவைக் கேட்டார். அம்மா, "இருக்காதுங்க சார்" என்றாள்.

சுபிக்ஷா அக்கா பாத்ரூமில் வாந்தி எடுத்தாள். எனக்குக் கேட்டது. இருமுறை.

அம்மாவுக்குத் தலைவலி. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 12, சனி

மருத்துவமனைக்குப் போனோம். நான் வீட்டிலேயே இருக்கிறேன் என்றேன். குழந்தைவேல் சார்தான், "புள்ளையும் வரட்டும். சின்னப்புள்ள கூட இருந்தா அவிகளுக்கும் மனசு எளகும்" என்றார். ஆரஞ்சுப் பையை நான் பிடித்துக்கொண்டேன். நோட்டையும் எடுத்துப்போனேன்.

11.15. மயிலாத்தாள் அம்மாவின் கை ஒரு தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு உயரத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எந்த வகுப்பு என்று கேட்டார். ஒன்பது என்றேன். நல்லாப் படி சாமி என்றார்.

குழந்தைவேல் சார் மெதுவாக, அவசரத்தில் கால் பெடலிலேயே இருந்திருக்குமோ என்று கேட்டார்.

"நா காலை எடுத்துட்டனுங்க. எடுத்துட்டுத்தான் கைய வெச்சேன். அந்தக் கருமத்த இதுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி சொன்னனுங்களே."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செய்முறையில் எப்போதும் 'எந்த நிலையில்' என்று கேட்க வேண்டும். அதனால் எத்தனையாவது பீஸில் நடந்தது என்று கேட்டேன்.

"நூறு முடிஞ்சுது கண்ணு. நூறு முடிஞ்சா டையில எண்ணெ போடோணும். இல்லீன்னா தகடு ஒட்டிக்கும். எங்க கடையில அல்லாரும் நூறு பீஸுக்கு ஒருக்கா தொடைச்சு விடுவோம். நா பிரஷ்ஷ எடுத்துக்கிட்டுக் கைய உள்ள உட்டேன். அது மேலயே போயி நின்ன மாதிரிதான் இருந்துது. எறங்கிருச்சு."

அப்படியே எழுதிக்கொண்டேன். 'டை' என்பது ராமுக்கு அடியில் இருக்கும் அச்சு.

காரில் வரும்போது குழந்தைவேல் சார் என்ன எழுதினாய் என்று கேட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கிறதே, நம் ஆபீஸில் ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் இல்லை என்றார். இன்றைய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஏப்ரல் 17

தேர்வு முடிந்தது. கணக்கில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் வெளிக்கோணம் வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

விடுமுறை. இன்று முதல் எனக்கும் ஆபீஸில் வேலை. பாக்ஸில் தவறே இல்லை என்று சோதித்து எழுதித் தர வேண்டுமாம். மேஜை மேல் ராமுக்குப் பதிலாக ஒரு சிறிய மோட்டார், நொடிக்கு ஒரு சுற்று. அசல் பெடல். அசல் ஒளித்திரை. நான் மரஸ்கேலைத் திரைக்குள் நீட்ட வேண்டும். நீட்டியதிலிருந்து நிறுத்தும் உத்தரவு வரும் வரை எத்தனை மில்லி செகண்ட் என்று, மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் திரையில் தெரியும். அதை நோட்டில் எழுத வேண்டும். திரையில் கோடுகளை எப்படிப் படிப்பது என்று சுபிக்ஷா அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் 'அலைவரிசை' என்று சொன்னதை 'அலைவடிவம்' என்று திருத்தினேன். அம்மா சிரித்தாள். சுபிக்ஷா அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

இன்று 402 அளவீடுகள். எல்லாம் 11 முதல் 14 வரை.

ஏப்ரல் 23, புதன்

மூன்று நாளில் 1,140 அளவீடுகள். ஒன்றுகூட 14ஐத் தாண்டவில்லை. தோள்பட்டை வலிக்கிறது.

இவர்கள் வேலை செய்யும் முறை இப்படி: ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் புரோகிராமில் ஒரு வரி மாற்றி மறுபடி சிப்பில் ஏற்றி, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். எண்ணிக்கை நான்காயிரத்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

குழந்தைவேல் சார் போதும் என்கிறார். அந்த அம்மாவின் கால்தான் காரணம் என்று எழுதிவிடலாம் என்கிறார். அம்மாவும் போதும் என்றாள். சுபிக்ஷா அக்கா மட்டும், "அவிக காலை எடுத்தேன்னு சொல்றாங்கள்லக்கா. இன்னும் ஒரு நாள் பாத்துரலாம்" என்றாள். அம்மா தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நான் கண்டுபிடித்தேன்.

வரிசையாக எழுதுகிறேன். 12.05க்கு மோட்டாரை பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டார்கள். ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். போகும்போது நிறுத்திவிட்டுச் சாப்பிடு என்றாள் அம்மா. நான் புத்தகத்தில் மூழ்கி மறந்துவிட்டேன். நிமிர்ந்தபோது எண்ணிக்கை 4,700. நிறுத்தப் போனவள், மயிலாத்தாள் அம்மா சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொரு நூறு முடிந்ததும் கையை விட்டார். நாங்கள் அப்படிச் செய்துபார்க்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு நூறாவது சுற்றிலும் பெடலை விட்டுவிட்டு ஸ்கேலை நீட்டினேன். 4,800, 13. 4,900, 13. 5,000, 14. இப்படியே போனது.

1.52. எண்ணிக்கை 6,400. அளவீடு 262.

நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் மோட்டார் நிற்காமல் மறுபடி சுற்றத் தொடங்கி, பாதிச் சுற்றில்தான் நின்றது. என் ஸ்கேல் உள்ளேயே இருந்தது.

சுபிக்ஷா அக்கா டிபன் பாக்ஸோடு ஓடிவந்தாள். ஸ்கோப்பைப் பார்த்தாள். என் நோட்டைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டாரைத் தொட வேண்டாம் என்றாள். மறுபடி ஒவ்வொரு நூறிலும் பார்த்தோம். 3.38. எண்ணிக்கை 12,800. அளவீடு 264.

சுபிக்ஷா அக்கா எல்லாருக்கும் விளக்கினாள். நினைவகத்தில் ஒரு பக்கத்துக்கு அறுபத்து நான்கு பதிவுகள். ஒன்றை எழுத இரண்டு மில்லி செகண்ட்தான். ஆனால் பக்கம் நிரம்பிவிட்டால் முதலில் பழையதை முழுக்க அழிக்க வேண்டும். அதற்குக் கால் நொடி. அந்தக் கால் நொடியும் எல்லா இன்டரப்டும் சாத்தியே இருக்கிறது. பெடல் கூப்பிடுகிறது, ஒளித்திரை கூப்பிடுகிறது, கதவைத் திறக்க ஆள் இல்லை. அதற்குள் ராம் பாதி இறங்கிவிடும். பிறகு பிரேக் பிடித்தாலும் அது நிற்பது டையின் மேல்தான்.

"நாம ஒவ்வொருவாட்டி புரோகிராம் ஏத்தறப்பவும் அந்தப் பக்கம் காலியாயிருச்சு. நாமதான் அதை ஒளிச்சு ஒளிச்சு வெச்சிருக்கோம்" என்றாள்.

பிரஸ் ஷாப்புக்குப் போன் செய்து நான்காம் நம்பர் மெஷின் எந்த எண்ணில் நிற்கிறது என்று கேட்டார்கள். இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். நான் உடனே வகுத்துப் பார்த்தேன். 6,400 சரியாக நாற்பது முறை. அப்படியானால் அதற்கு முன் முப்பத்தொன்பது முறை அது சும்மா இறங்கியிருக்கிறது. அப்போதெல்லாம் கீழே கை இல்லை. இதைச் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு குழந்தைவேல் சார் என் பேரில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வரவழைத்தார். அம்மா என் தலையில் கைவைத்து, "இங்க இருக்கற எல்லாரையும்விட நீ கெட்டிக்காரி" என்றாள். வெண்ணிலாவும் பட்டர்ஸ்காட்சும். சுபிக்ஷா அக்கா சாப்பிடவில்லை, அவள் கப் உருகிவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி

புரோகிராமில் எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்துவைத்திருக்கும். என் நோட்டைப் போல. எல்லா இன்டரப்டையும் சாத்தும் வரிக்கு நேராக சுபிக்ஷா அக்காவின் பெயர் இருந்தது. மார்ச் 3, மாலை 5.41.

அம்மா அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26

மழை. சில கடற்பறவைகளில் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைக் கூட்டைவிட்டுத் தள்ளிவிடுமாம். தாய்ப்பறவை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். 148ஆம் பக்கம்.

ஏப்ரல் 28, திங்கள்

பிரஸ் ஷாப்காரர்களும் தொழிற்சாலை ஆய்வாளரும் பதில் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு பாக்ஸ் இதே புரோகிராமோடு வெளியே ஓடுகிறது. எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். குழந்தைவேல் சார் ஒரு கடிதம் தயார் செய்திருந்தார். மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் தான் செய்த மாற்றம் இது என்று சுபிக்ஷா அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வேலையை விட்டுப் போய்விட வேண்டும். போலீஸ் அது இது என்று போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சுபிக்ஷா அக்கா கடிதத்தை இருமுறை படித்தாள். பிறகு அம்மாவின் மேஜைக்கு வந்தாள். 5.05.

"அக்கா. நீங்கதான எல்லாத்தையும் சாத்துன்னீங்க. நா கேட்டனே, பெடலுமா, லைட் கர்ட்டனுமான்னு."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். எழுதும்போது கவனமாக இரு என்றுதான் சொன்னதாகவும், பெடலைச் சாத்தச் சொன்ன ஞாபகம் இல்லை என்றும் சொன்னாள்.

சுபிக்ஷா அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"மித்து இங்கதான உக்காந்திருந்தா. அவ எல்லாத்தையும் எழுதுவா. நீ எழுதியிருப்ப. சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், சின்னப் பிள்ளையை எதற்கு இழுக்கிறாய் என்று அம்மா எழுந்துவிட்டாள். 5.08.

ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும்போது டெக்ஸ்டூல் பாலத்துக்கு அடியில் சிக்னல் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அவளுக்கு இருபத்தி மூணு வயசு. இது இல்லீன்னா இன்னொண்ணு. பெங்களூர் போனாக் கூட்டிக்குவான். எனக்கு நாப்பத்தி நாலு. ரேணுகாதேவிங்கற பேரு ஒருவாட்டி கெட்டுப்போச்சுன்னா, இந்த ஊர்ல எவன் கூப்புடுவான் என்னைய?"

பச்சை விழ 74 நொடி.

இரவு நோட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்து மார்ச்சில் இன்னும் அழகாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

10.40. குழந்தைவேல் சார் அறைக்குக் கூப்பிட்டார். அவர், அம்மா, சுபிக்ஷா அக்கா, நான். எனக்கு ஒரு பேனா பரிசளித்தார், மூடி உலோகம். மார்ச் மூன்றாம் தேதி சாயங்காலம் நான் இங்கே இருந்தேனா என்று கேட்டார். இருந்தேன் என்றேன்.

"அம்மா இந்தக்காகிட்ட என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா கண்ணு? தெரிஞ்சாத் தெரியும்னு சொல்லு. தெரியலைன்னாலும் தப்பில்ல."

அம்மா மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. நான் எண்ணினேன். பத்து நொடியில் பதினேழு.

"நான் படிச்சிட்டு இருந்தேன் அங்கிள். கவனிக்கல" என்றேன்.

நோட்டில் பார்க்கட்டுமா என்று கேட்டாள் சுபிக்ஷா அக்கா. மார்ச்சில் நான் நாட்குறிப்பே ஆரம்பிக்கவில்லை என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ கவனிக்கலையா மித்து?" என்றாள். எனக்கு ஆஸிலோஸ்கோப் சொல்லிக்கொடுத்தபோது கேட்பாளே, 'புரிஞ்சுதா மித்து' என்று, அதே குரல். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் கொடுத்த பேனாதான். மேஜையில் பக்கத்தில் இருந்தது அதுதான்.

வெளியே வந்ததும் குழந்தைவேல் சார் அம்மாவிடம், "புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க ரேணுகா" என்றார். 10.52.

ஏப்ரல் 30, புதன்

சுபிக்ஷா அக்காவின் மேஜையைக் காலி செய்துவிட்டார்கள். அடி இழுப்பறையில் கமர்கட் பாக்கெட் ஒன்று, பாதி இருந்தது.

ஆய்வாளருக்கு அனுப்பும் கடிதம் தமிழில் இருக்க வேண்டுமாம். என் தமிழ் நன்றாக இருக்கும் என்பதால் பிழை பார்க்கத் தந்தார்கள். இரண்டு பக்கம். விபத்துக்கு இரண்டு காரணங்கள் எழுதியிருந்தது. முதலாவது, இளநிலைப் பொறியாளர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த மாற்றம். அவர் பணிநீக்கம் செய்யப்பட்டுவிட்டார். இரண்டாவது, தொழிலாளி மெஷினை அணைக்காமல் கையை உள்ளே விட்டது. தான் நூறு பீஸுக்கு ஒருமுறை இப்படிச் செய்வது வழக்கம் என்று அவரே ஏப்ரல் 12 காலை 11.15க்குத் தெரிவித்திருக்கிறார்.

என் பக்கத்தின் படத்தையும் இணைத்திருந்தார்கள். அதில் 'நா காலை எடுத்துட்டனுங்க' என்ற வரி இல்லை. அதற்குக் கீழிருந்துதான் படம் தொடங்குகிறது.

நான்கு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. சேர்த்துக் கொடுத்தேன்.

மே 2, வெள்ளி

பிரஸ் ஷாப்பில் மயிலாத்தாள் அம்மாவுக்கு வேலை தருகிறார்களாம். கூட்டிப் பெருக்குவது. இடது கையால் முடியும் என்று அம்மா சொன்னாள்.

அம்மா எனக்குப் புது டைரி வாங்கிவந்தாள். தடித்த அட்டை, படிக்கும் இடத்தை அடையாளம் வைக்க ரிப்பன். பழைய நோட்டைத் திங்கட்கிழமை தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னாள். இதில் இன்னும் 61 பக்கம் மீதி இருக்கிறது என்றேன்.

"நிரம்பலைன்னா என்ன. புதுசுல நல்லதா எழுது" என்றாள்.

அவள் இதைப் படித்தாளா என்று தெரியாது. என் மேஜையில் நோட்டுக்கு மேல் நான் வைத்திருந்த அளவுகோல் நேராக இருந்தது. நான் அதை எப்போதும் சாய்த்து வைப்பேன்.

மே 5, திங்கள்

இந்த நோட்டில் இது கடைசி. அம்மா இன்று அரை நாள் லீவு. ஐந்தரைக்கு மேல் நோட்டைக் கேட்டுவாங்குவாள். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்தேன். எதையும் அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு அடித்தது மொத்தம் ஆறு இடங்களில். மூன்று விதிகளையும் காப்பாற்றியிருக்கிறேன். நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. பெரியவள் ஆனதும் சுபிக்ஷா அக்காவைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், தேதி, நேரத்துடன். எனக்கு நல்ல ஞாபகசக்தி.

5.31. காலிங் பெல்.

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. சுபிக்ஷா அக்கா. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். பக்கத்தில் மயிலாத்தாள் அம்மா. கட்டு இப்போது சிறியதாகிவிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு முஷ்டி அளவுதான். இருவரும் ஒரே வண்டியில் வந்திருக்கிறார்கள்.

5.32. இரண்டாவது முறை.

சமையலறையில் அம்மா மிக்ஸியை ஓடவிட்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்காது.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5.33. மூன்றாவது முறை. இது பெல் இல்லை. மயிலாத்தாள் அம்மா இடது கையால் கேட்டைத் தட்டுகிறார். மெதுவாகத் தட்டுகிறார். "அம்மிணி, உள்ள இருக்கறயா? திட்டறதுக்கு வரல சாமி. ஆஸ்பத்திரியில நீ எழுதுனியே, அந்த ஒத்தப் பக்கத்த மட்டும் குடு" என்கிறார். சுபிக்ஷா அக்கா ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள். திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பதால் நான் தெரிய மாட்டேன். தெரிந்தாலும் தெரிந்திருக்கலாம். அவள் பார்வை இந்த இடத்திலேயே நிற்கிறது.

5.36. நான்காவது முறை, நீளமாக.

5.38. வண்டி கிளம்பும் சத்தம்.

மிக்ஸி நின்றது. தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா அசையாமல் மேடைமுன் நின்றுகொண்டிருந்தாள். மிக்ஸி ஜாரில் ஒன்றும் இல்லை. கழுவிக் காய்ந்த ஜார்.

யார் வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"எழுதி முடிச்சாச்சா?" என்று கையை நீட்டினாள்.

ஒரே ஒரு வரி பாக்கி, நேரம் குறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

5.41.